பத்தொன்பது பெட்டிகளின் ரகசியம்

என் சலூனில் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில், பவுடர் டப்பாவுக்கும் சவரக் கிண்ணத்துக்கும் நடுவில், சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. விரல் நீளத்தில் ஆண்டெனா, சின்னத் திரை, எழுத்துப் பொத்தான்கள், பக்கவாட்டில் ஒரு சுவிட்ச். சுவிட்சின் மேல் வாரியத்தின் சிவப்பு மெழுகு. இது இரண்டாவது முறை வைத்த மெழுகு. முதல் முறை வைத்ததை நான் உடைத்துவிட்டேன். அதற்காக என் மேல் விசாரணை நடக்கிறது. முடி வெட்ட வருகிறவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது வேலை செய்யுதா?" என்று கேட்பார்கள். "ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்பேன். சத்தியமான வார்த்தை. இந்த ஊரில் விதிப்படி நூற்றுக்கு நூறு வேலை செய்த பொருள் அது ஒன்றுதான்.

எங்கள் ஆற்றோரத் தெரு தாழ்வான இடம். மலைமேல் அணை. அணையின் மதகுக் காவலர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். போன வெள்ளத்தில் முதலில் விழுந்தது போன் கோபுரம்தான். மச்சான் மேலிருந்து நாற்பது தடவை கூப்பிட்டிருக்கிறார்; கீழே ஒரு மணிகூட அடிக்கவில்லை. தண்ணீர் என் சலூன் நாற்காலியின் கைப்பிடிவரை வந்து, மூன்று நாள் உட்கார்ந்துவிட்டுப் போனது. அன்றைக்கு யார் உயிரும் போகாதது எங்கள் நல்ல நேரம். என் மகள் படிக்கும் பள்ளிக்கூடம் தெருவின் ஆகத் தாழ்ந்த மூலையில் இருக்கிறது. அன்றைக்கு அதற்கு விடுமுறை. அதை நினைத்தால் இன்றைக்கும் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன்.

அதற்குப் பிறகுதான் தெருமுனையில் ரேடியோ பழுதுபார்க்கும் அக்கா இந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். கோபுரம் வேண்டாம், கம்பி வேண்டாம். ஒரு பெட்டி சொல்வதை அடுத்த பெட்டி கேட்டு அதற்கடுத்த பெட்டிக்குச் சொல்லும். இப்படியே அணையிலிருந்து மலைப்பாதை பேக்கரி, பெட்ரோல் பங்க் என்று கைமாறி எங்கள் தெருவுக்கு வந்துவிடும். தெருவில் பத்தொன்பது, அணையில் மச்சானிடம் ஒன்று. மச்சான் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புவார். "நாற்பத்தொரு அடி. சுகம்." அவ்வளவுதான். பேச்சை அளந்து விடுகிற மனிதர். நில் என்றால் நிற்பார், யாராவது போ என்று சொல்லும்வரை. ஒரு தடவை ரேஷன் வரிசையில், கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் போன பிறகும், டோக்கன் கையில் இருக்கிறதே என்று சாயங்காலம்வரை நின்றவர்.

ஆரம்பத்தில் எல்லோரும் பொதுச் சேனலில் இருந்தோம். அதில் ஊரே இருந்தது. காலை வணக்கம், காணாமல்போன பூனை, விற்பனைக்கு சைக்கிள், நடுவில் மச்சானின் நாற்பத்தொரு அடி. ஒருநாள் எந்தப் புண்ணியவானோ, "மதகு திறந்தாச்சு, ஓடுங்க" என்று விளையாட்டுக்குப் போட்டுவிட்டான். தெருவே மேட்டுக்கு ஓடியது. என்னிடம் சவரம் செய்துகொண்டிருந்த தபால்காரர் பாதி முகத்தில் நுரையோடு எனக்கு முன்னால் ஓடினார். அன்றைக்குத்தான் எங்களுக்கென்று ஒரு தனிக்குழு வேண்டும் என்று முடிவானது.

"பேரு ஒண்ணு, சாவி ஒண்ணு, அவ்வளவுதான்" என்றார் ரேடியோ அக்கா. "இருபது பெட்டியிலயும் ஒரே ரகசியச் சாவியப் போட்டுட்டா, நாம பேசறது நமக்கு மட்டும்தான் புரியும். நடுவுல இருக்கற பெட்டிங்க தூக்கிட்டுப் போகும், படிக்க முடியாது. தூக்கறப்ப சிவப்பு லைட்டு ஒரு தடவ மினுக்கும். பத்து நிமிஷ வேலை. ஒண்ணே ஒண்ணு, குழுவ விட்டு யாராவது போனா சாவிய மாத்தணும். மாத்துனா ஆளாளுக்கு நேர்ல போய்க் கையில குடுக்கணும். அத மட்டும் மறந்துடாதீங்க."

அந்தப் பத்து நிமிஷம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான் "தனிக்குழு அலைவரிசை வடிவமைப்பு வாரியம்" ஆரம்பித்திருந்தார்கள். இனிமேல் எந்தத் தனிக்குழுவையும் வாரியம்தான் வடிவமைக்கும் என்று சுவரெல்லாம் நோட்டீஸ். தெரு சார்பில் போய்வர ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சலூன்காரனுக்கு எல்லோருடைய ரகசியமும் தெரியும், அதனால் அனுபவம் உண்டு என்றார் தபால்காரர்.

வாரியம் நான்கு மாடி. ஜன்னல்களுக்கெல்லாம் உள்பக்கம் அட்டை ஒட்டியிருந்தது. வாசல் மேசையில் வருகைப் பதிவேடு. உள்ளே போக ஒரு கையெழுத்து, வெளியே வர ஒன்று. முதல் மாடியில் ஓர் எழுத்தர் இருந்தார். கழுத்தில் மெழுகுக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்ததால் நாங்கள் அவரை மெழுகுக்காரர் என்போம்.

"என்ன விஷயம்?" என்றார்.

நான் குனிந்து, "ரகசியக் குழு விஷயமா சார்" என்றேன்.

"ரகசியமா? அப்ப சத்தமா சொல்லுங்க, பதிவு பண்ணணும்."

விண்ணப்பம் முப்பத்திரண்டு பக்கம். பதினான்காவது கேள்வி: "அடுத்த மூன்று ஆண்டுகளில் குழுவில் பேசவிருக்கும் ரகசியங்களின் பட்டியல், மூன்று பிரதிகளில்." நான் யோசித்து, "தண்ணீர் வந்தால், தண்ணீர் வருகிறது என்று" என எழுதினேன்.

மெழுகுக்காரர் படித்தார். "வராட்டி?"

"வராட்டி ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லங்கறதும் ஒரு தகவல்தானே? அதையும் எழுதுங்க."

எழுதினேன். சாவி எது என்று ஒரு கட்டம். ரேடியோ அக்கா சொல்லியிருந்த பதினாறு எழுத்தை நிரப்பினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டுமாம். பதினாறாம் நாள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: மேற்படி சாவி பொதுமக்களுக்குத் தெரிந்துவிட்டது.

மறு விண்ணப்பத்துக்கு வாரியத் தலைவரே விசாரணை வைத்தார். நல்ல உயரம், நல்ல சலவை, தலையில் மட்டும் கைதேராத யாரோ வெட்டிய கிராப்பு. என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார்.

"உங்க செய்தி எது வழியா வருது?"

"மலைப்பாதை பேக்கரிக்காரர் பெட்டி வழியா சார்."

"அவருக்கு அது புரியுமா?"

"புரியாது சார்."

"புரியாத ஒண்ண ஒருத்தர் சுமக்கறாரா?"

"பெட்டிதான் சார் சுமக்குது."

தலைவர் மற்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, நாட்டுல என்னென்ன நடக்குதுன்னு?" எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பேக்கரிக்காரருக்கு "புரியாமல் சுமப்போர் உறுதிமொழி" என்று ஒரு தாள் போனது. எந்தக் காலத்திலும் எதையும் புரிந்துகொள்ள மாட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் முடி வெட்ட வந்தபோது, பாவம், கலங்கிப் போயிருந்தார். "நான் என்னத்தப் புரிஞ்சுக்கக் கூடாதுன்னு கொஞ்சம் சொல்லேன்பா. தெரியாத்தனமா புரிஞ்சு தொலைச்சிடப் போறேன்."

கடைசியில் அனுமதி வந்தது. சாவியை வாரியமே தேர்ந்தெடுத்தது. நாங்கள் பார்க்கக் கூடாது. மெழுகுக்காரர் தெருவுக்கு வந்து, என் சலூன் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, பத்தொன்பது பெட்டியிலும் ஒவ்வொன்றாகச் சாவியைப் பதித்தார். பிறகு சுவிட்சைக் குழுச் சேனலில் வைத்து மெழுகு ஊற்றினார். மலையேறி மச்சானின் பெட்டிக்கும் அதையே செய்தார். தனிக்குழு கிடைத்தவர் பொதுச் சேனலிலும் பேசினால் அது இரட்டைச் சலுகை. மெழுகு உடைந்தால் பெட்டி பறிமுதல், என் கடை உரிமமும் அதோடு சேரும். இருபத்தொன்றாவதாக ஒரு பெட்டி தலைவரிடம் இருக்கும். அதன் பெயர் பார்வையாளர் பெட்டி. எங்கள் ரகசியத்தைக் காப்பதற்காக அதை இரும்புப் பேழையில் வைத்திருப்பார்கள். திறக்க மூன்று கையெழுத்து வேண்டும்.

மச்சானிடம் தனியாக ஓர் உறுதிமொழி வாங்கினார்கள். அவசரச் செய்தி அனுப்பியவர், குழுவினர் படித்ததாக ஒப்புகை வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. யாராவது படித்தால் அனுப்பியவரின் திரையில் எண் விழும்: பத்தொன்பதில் ஒன்று, பத்தொன்பதில் இரண்டு என்று. இதைக் கேட்டதும் என் மனைவியின் முகம் மாறிவிட்டது. "என்னங்க, அண்ணன் எழுதிக் குடுத்தா அப்படியே நிப்பாரு. உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். ஆனால் அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். பெட்டியைத் துடைத்துப் பலகையில் வைத்தேன்.

பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. பதின்மூன்றாம் நாள் ரேடியோ அக்காவின் கடைப் பூட்டில் மெழுகு இருந்தது. குற்றம்: அனுமதியின்றிச் சாவி செய்யும் அறிவை வைத்திருந்தது. விளக்கம் கேட்க அக்கா வாரியத்துக்குப் போனார். பதிவேட்டில் உள்ளே போனதற்குக் கையெழுத்து இருக்கிறது. வெளியே வந்ததற்கு இல்லை. நான் போய்க் கேட்டபோது மெழுகுக்காரர் பதிவேட்டை மூடினார். "நெறைய பேரு வெளிய போறப்ப கையெழுத்துப் போட மறந்துடறாங்க." மேல் மாடியைப் பார்த்தேன். அட்டை ஒட்டிய ஜன்னல்கள்தான் தெரிந்தன. வெளியே வரும்போது என் கையெழுத்தை மறக்காமல் போட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிவப்பு விளக்கு மினுக்கியது. திரை வெறுமையாக இருந்தது. தெருவில் எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான். திரும்பவும் வாரியத்துக்கு ஓடினேன்.

"உறுப்பினர் ஒருத்தர் விலகிட்டாங்க. விதிப்படி சாவிய மாத்தியாச்சு" என்றார் மெழுகுக்காரர்.

"புதுச் சாவி எங்களுக்கு வரலயே சார்."

"அனுப்பியாச்சே."

"எதுல சார்?"

"ஆகப் பாதுகாப்பான வழியில. புதுச் சாவி போட்ட சேனல்லயே அனுப்பியாச்சு."

"அதப் படிக்கப் புதுச் சாவி வேணுமே சார்."

"ஆமா."

"அது எங்ககிட்ட இல்லயே சார்."

"அதான் அனுப்பியிருக்கோம்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதைப் போல பொறுமையாகத்தான் சொன்னார். புகார் எழுதித் தருகிறேன் என்றேன். ரகசியச் சேனல் பற்றிய புகாரைத் திறந்த கவுண்டரில் வாங்க முடியாது, அந்தச் சேனலிலேயே அனுப்புங்கள் என்றார்.

மச்சானுக்கு மட்டும் புதுச் சாவி இருந்தது. அணையில் வாரியத்தின் பெயர்ப்பலகை மாட்டப் போன ஆள், போன கையோடு அவர் பெட்டியில் பதித்துவிட்டு வந்திருந்தான். வானம் தெளிந்த நாளில் போனில் கூப்பிட்டேன்.

"மாப்ளே, தினமும் அனுப்பறேன். பத்தொன்பதுல பூஜ்யம்னு காட்டுது."

"லைட்டு மினுக்குது மச்சான், படிக்கத்தான் முடியல. சாவியச் சொல்லுங்களேன்."

"உள்ள இருக்கு, கண்ணுக்குக் காட்ட மாட்டேங்குது. மினுக்குதுல்ல? அப்ப நான் இருக்கேன்னு தெரிஞ்சுக்கோங்க."

"ஆபத்துன்னா நாலஞ்சு தடவ அனுப்புங்க. நாங்க புரிஞ்சுக்கறோம்."

"அதுக்கெல்லாம் உறுதிமொழியில எடமில்ல மாப்ளே" என்றார்.

மெழுகை உடைத்துவிடுங்கள் என்று என் மனைவி தினமும் சொன்னாள். உடைத்திருக்கலாம். மச்சானையும் அவர் பெட்டி மெழுகை உடைக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். கடை போய்விடுமே என்ற பயம். ரேடியோ அக்காவின் பூட்டு கண்ணிலேயே நின்றது. நான் கோழையாக இருந்தேன், வேறென்ன சொல்ல. என் மகள் மட்டும் தினமும் ஏழு மணிக்குப் பலகைமேல் மோவாயை வைத்துக் காத்திருந்து, விளக்கு மினுக்கியதும் "மாமா குட் மார்னிங்" என்பாள்.

சாவி மாறி இருபத்தொரு நாள் ஆனதும் எங்களுக்கு விருது அறிவித்தார்கள். "முழு ரகசியத் தெரு." பள்ளிக்கூடக் கூடத்தில் விழா, காலை பதினொரு மணிக்கு. எல்லோரும் பெட்டியோடு வர வேண்டும் என்று உத்தரவு. மலையில் மூன்று நாளாக விடாத மழை. விடிந்ததிலிருந்து போன் வேலை செய்யவில்லை. கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. என் மகளின் வகுப்பு பாடுவதற்காக முன்வரிசையில். மேடையில் தலைவர், அவர் பக்கத்தில் மேசைமேல் இரும்புப் பேழை.

"அன்பார்ந்த பெருமக்களே" என்று ஆரம்பித்தார். "இருபத்தொரு நாட்களாக இந்தக் குழுவின் ஒரு செய்தியையும் வெளியார் யாரும் படிக்கவில்லை. இது சாதாரணச் சாதனை அல்ல."

அப்போது என் மடியில் விளக்கு மினுக்கியது. மணி பார்த்தேன்; பதினொன்று ஐந்து. மச்சான் காலை ஏழு மணிக்கே பேசி முடித்திருந்தார்.

நான் எழுந்து, "சார், உள்ள இருக்கறவங்களும் படிக்கல சார்" என்றேன்.

"அதைத்தான் சொல்ல வருகிறேன்!" தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "வெளியார் படிக்காமல் தடுப்பது யாராலும் முடியும். ஆனால் ரகசியம் எப்போதும் எங்கிருந்து கசிகிறது? உள்ளேயிருந்துதான். உறுப்பினர்தான் ரகசியத்தின் முதல் எதிரி. அந்த எதிரியை இந்த வாரியம் முற்றிலுமாக வென்றிருக்கிறது."

கைதட்டினார்கள். கைதட்டல் நடுவில் திரும்பவும் மினுக்கியது. என்னுடையது மட்டுமில்லை, கூடம் முழுவதும், பெட்டி இருந்த மடியிலெல்லாம், ஒரே நேரத்தில் சிவப்பு. பிறகு இன்னொரு தடவை. கைதட்டல் தானாக நின்றுவிட்டது. கடைசி வரிசையிலிருந்து பேக்கரிக்காரர் எழுந்து, "எம்பெட்டியும் மினுக்குது சார். ஆனா நான் எதையும் புரிஞ்சுக்கல" என்றார்.

"சார், அந்தப் பேழையத் திறங்க சார். அதுல சாவி இருக்கு" என்றேன்.

"மூன்று கையெழுத்து வேண்டும்" என்றார் தலைவர். "என்னுடையது, எழுத்தருடையது, தொழில்நுட்ப உறுப்பினருடையது. மூன்றாவது பதவி காலியாக இருக்கிறது. விளம்பரம் கொடுத்திருக்கிறோம்."

விளக்கு ஆறாவது முறை மினுக்கியது. என் மனைவி எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "எங்கண்ணன் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைக்கு மேல பேசாத ஆளு" என்றாள். "இப்ப ஆறு தடவ பேசிட்டாரு. எந்திரிங்க எல்லாரும்." முன்வரிசைக்குப் போய் மகளின் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், கூடமே எழுந்தது. தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "செய்தியைப் படிக்காமல் புரிந்துகொள்வது விதி நாற்பதின்படி குற்றம்! உட்காருங்கள்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். பேக்கரி வளைவை அடைந்து திரும்பிப் பார்த்தபோது, எங்களுக்குப் பின்னால் தலைவரும் இரும்புப் பேழையைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. பள்ளிக்கூடக் கூடத்தின் ஓடு முதலில் மறைந்தது. எங்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. ஆனால் பெட்டிகள் மினுக்கிக்கொண்டே இருந்தன. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மச்சானின் திரையில் இன்னும் பத்தொன்பதில் பூஜ்யம். நாங்கள் தப்பித்தது அவருக்குத் தெரியாது. உறுதிமொழி இல்லாவிட்டாலும், தங்கையும் மருமகளும் தப்பித்தார்களா என்று தெரியாமல் அவர் நகர மாட்டார்.

சட்டைப்பையிலிருந்து சவரக் கத்தியை எடுத்து மெழுகைப் பெயர்த்தேன். சுவிட்சைப் பொதுச் சேனலுக்குத் தள்ளி, "பார்த்தோம். எல்லாரும் ஏறிட்டோம். நீங்க கிளம்புங்க" என்று அடித்தேன். போனது. ஆனால் அவர் பெட்டியிலும் மெழுகு இருந்ததே. அது குழுச் சேனலை மட்டும்தான் படிக்கும். என் செய்தியை அது சுமக்கும், காட்டாது.

நாற்பத்து மூன்றுவரை எண்ணினேன். அதற்குப் பிறகு மினுக்கவில்லை.

தொழில்நுட்ப உறுப்பினரை நியமித்த பிறகு பேழையைத் திறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் என்ற முறையில் எனக்குக் கேட்கும் உரிமை இருந்தது. மெழுகுக்காரர் படித்தார். முதல் செய்தி: "அறுபத்து மூணு அடி. கரை கசியுது. கிளம்புங்க." பிறகு அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப. முப்பதாவது: "பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்கா?" நாற்பதாவது: "யாராவது ஒருத்தர் படிச்சேன்னு சொல்லுங்க. நான் கிளம்பறேன்." நாற்பத்து மூன்றாவது, கடைசி: "என் பெட்டியில லைட்டு மினுக்குச்சு. மாப்ளே நீங்களா? என்னன்னு தெரியல."

தலைவர் பேழையை மூடச் சொன்னார். பிறகு, உறுப்பினர் அல்லாத எவரும் இச்செய்திகளில் எதையும் படிக்கவில்லை என்பதைக் குறிப்பில் பதியச் சொன்னார். எனக்கு இரண்டு குற்றச்சாட்டுகள்: மெழுகை உடைத்தது, படிக்காமல் புரிந்துகொண்டது. என் மனைவியின் பெயரும் இரண்டாவதில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை கடை நடத்தலாம். பெட்டிக்குப் புது மெழுகு வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ரேடியோ அக்காவைப் பற்றிக் கேட்டேன். பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு நான் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மகள் வழக்கம்போல் பலகைமேல் மோவாயை வைத்து நின்றாள். சிவப்பு விளக்கு மினுக்கியது.

"அம்மா! மாமா!" என்று கத்தினாள். என் மனைவி ஈரக் கையோடு உள்ளேயிருந்து ஓடிவந்து, பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள். திரை வெறுமையாக இருந்தது. ஆனால் அதில் என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். உறுப்பினர் ஒருவர் விலகிவிட்டார். விதிப்படி சாவியை மாற்றியிருக்கிறார்கள். புதுச் சாவியை எங்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.